வளையத்துக்குள் ஒரே இருக்கை

ஜூன் 4

வீட்டம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது.

நான் நலம். உன் தங்கையின் காலும் அதில் போட்ட மாவுக்கட்டும் நலமா? மாடிப்படியில் பார்த்து இறங்கு என்று அவளுக்கு நான் கல்யாணத்தன்றே சொன்னேன். அன்றைக்கே எனக்கு அந்தக் கால் மேல் ஒரு சந்தேகம். யார் கேட்டார்கள்?

நீ பஸ் ஏறின மறுநாள் நம் ஒற்றைச் சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கூட்டம் என்றால் கூட்டம், எறும்பு போக வழியில்லை. ஊருக்குப் புதிதாக வந்த லைன்மேன் ஒருவர், "என்னண்ணே இது, வண்டியா, கெணத்து உறையா?" என்று கேட்டுவிட்டார். உன் புருஷன் சும்மா விடுவேனா? அந்த இடத்திலேயே ஒரு சொற்பொழிவு. "தம்பி, வெளியில பாரு, ஆள் ஒசரத்துக்கு மேல ஒரு இரும்பு வளையம், சுத்தி ரப்பரு. உள்ள சின்ன வளையம். சீட்டு, எஞ்சின், கைப்பிடி எல்லாம் அதுல. பெருசு சுத்தும், சின்னது சுத்தாது. நடுவுல நான் உக்காந்திருப்பேன். ஒலகமே என்னைச் சுத்தி ஓடும்." லைன்மேன் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. ஒரு ஈ உள்ளே போய்விட்டு வந்தது.

பிறகு ஓட்டினேன். போன வேகத்தில் காயப்போட்ட துணியெல்லாம் என் பின்னாலேயே வந்தது.

ஒரே ஒரு சின்ன விஷயம். கிளம்பும்போது வண்டி சாயாமல் பின்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவர ஆள் வேண்டும் அல்லவா, அதற்கு டீக்கடைக்காரரை வைத்திருக்கிறேன். அவர் பிடிப்பது உன் பிடி மாதிரி இல்லை. எங்கே விடவேண்டும் என்று மனிதருக்குத் தெரியவில்லை.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள், "ஒரே ஒரு தடவை நானும் உள்ள உக்காந்து பாக்கறேனே" என்று கேட்டாய். நம் கிரில் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் முன்னால் நான் சிரித்தேன். அது வேறு ஏதோ ஞாபகத்தில் வந்த சிரிப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறவில்லை, தங்கை காலுக்காகத்தான் ஏறினாய் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே? எப்போது வருகிறாய்?

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்


ஜூன் 9

மாமாவுக்கு,

தங்கையின் கால் தேறி வருகிறது. கல்யாணத்தன்று நீங்கள் அவளிடம் மாடிப்படி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மைக் செட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

டீக்கடைக்காரர் மனைவியின் அண்ணன் இந்த ஊரில்தான் இருக்கிறார். நேற்று வந்திருந்தார். வண்டி கடைத்தெருவுக்கே போகவில்லையாம். பத்தடி போய் டீக்கடை பாய்லர் மேல் சாய்ந்ததாம். கையில் சூடு பட்டதை நீங்கள் எழுதவில்லை. அலமாரியில் மேல் தட்டில் களிம்பு இருக்கிறது, போடுங்கள்.

இங்கே ஒரு விசேஷம். தங்கை வீட்டுக்காரர் தன் லேத் பட்டறையில் ஒரு சக்கரம் செய்திருக்கிறார். நம் வண்டி மாதிரியேதான், உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது. உங்களுடையதைப் பார்த்துத்தான் தம்பிக்கு ஆசை வந்ததாம், அதை அவரே சொல்கிறார், மறைக்கவில்லை. உள் வளையத்தில் இருக்கிற உருளைகளை எல்லாம் அவரே கடைந்திருக்கிறார். ஓடும்போது தையல் மெஷின் அளவுக்குத்தான் சத்தம். இருக்கையை முன்னேயும் பின்னேயும் தள்ளி போல்ட் போட்டுக்கொள்ளலாம். அதனால் யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம்.

நன்றாக இருக்கிறது. இருப்பதைச் சொல்கிறேன்.

இப்படிக்கு
நான்தான்


ஜூன் 12

வீட்டம்மாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், உட்கார்ந்து முடித்தேன்.

சகலை சக்கரம் செய்தானா? செய்யட்டும். லேத்தில் கடைந்தால் அது வண்டியா? அது உருட்டுக்கட்டை. சத்தமே இல்லையாம்! சத்தம் இல்லாத வண்டி எதற்கு? எதிரே வந்தால் நாய்க்குக்கூடத் தெரியாது. நம் வண்டி கிளம்பினால் அடுத்த தெரு ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒன்றோடொன்று பேசும். அதுதான் வண்டி.

அவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? எல்லாவற்றையும் டேப் வைத்து அளக்கிறவன். சிரிப்பதற்கு முன்னால் வாயை அளந்துகொண்டுதான் சிரிப்பான். நான் அப்படியா? கண்ணால் பார்ப்பேன், கையால் வெட்டுவேன். நான் செய்த கேட்டுகள் இந்த ஊரில் எத்தனை, ஒன்றாவது மூடாமல் நிற்கிறதா? தபால் ஆபீஸ் கேட்டைச் சொல்லாதே, அது தூண் செய்த தப்பு.

நம் வண்டியைப் பார்த்து ஆசை வந்தது என்கிறான் பார், அது பணிவு இல்லை. நாளைக்கு ஒரு கூட்டத்தில், "அண்ணன்தான் ஆரம்பிச்சாரு, பாவம்" என்று சொல்வான். அந்தப் 'பாவம்' எனக்கு இப்போதே காதில் கேட்கிறது.

கையில் சூடெல்லாம் பெரிதாக இல்லை. பாய்லருக்குத்தான் அடி. களிம்பு போட்டேன்.

ஒன்று மட்டும் எழுது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'யார் வேண்டுமானாலும்' யார்? நீ உட்காரவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. வேறு எதுவும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 17

மாமாவுக்கு,

உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்ட ஒரு வரி அவ்வளவுதான். ஆனால் இன்னும் எழுதவேண்டும் போல இருக்கிறது.

உள்ளே உட்கார்ந்தால் எதிரே ரோடு தெரிவதில்லை என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதே இல்லை. கண்ணுக்கு நேராக வளையம் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது, மழை கொட்டுகிற மாதிரி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் போகவேண்டும். முதலில் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழுத்தை நீட்டினேன். பிறகு பழகிவிட்டது. நீங்கள் கைப்பிடியைத் திருகுவீர்களே, அதெல்லாம் தேவையில்லை. போக நினைக்கிற பக்கம் இடுப்பைச் சாய்த்தால் வண்டி தானாகப் போகிறது. பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் நிற்காது, உட்கார்ந்திருக்கிறவர்தான் அதோடு சேர்ந்து தலைகீழாகச் சுற்றுவார். தம்பிக்கு இரண்டு தடவை அப்படி ஆயிற்று. எனக்கு ஆகவில்லை. உங்களுக்கு ஆகும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்தவள் நான்தானே, எப்படிப் பிடிக்கக்கூடாது என்று அதிலேயே கற்றுக்கொண்டேன்.

பட்டறையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய் வந்தேன். தங்கை நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, "அக்கா, உன் மொகத்தை நீ பாக்கணுமே!" என்றாள்.

மாமா, ஒன்று சொல்கிறேன். மழை வந்தால் நீங்கள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவீர்கள்? அந்த வண்டிக்கு. அடுப்பங்கரை ஒழுகுகிறது என்று நான் சொல்லி எத்தனை மழை போயிற்று? அந்த வண்டியை 'உங்கள் இளையாள்' என்று நான் சொல்லும்போதெல்லாம் கடைக்கு வந்தவர்களோடு சேர்ந்து நீங்களும் சிரிப்பீர்கள். நான் சிரிப்பதற்காகச் சொன்னதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு மட்டும் நான், உள்ளே உட்காருவதற்கு நீங்கள். எனக்கு வயிறு எரிந்தது. இரும்பு மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது இல்லை.

நான்தான்


ஜூன் 20

வீட்டம்மாவுக்கு,

நான் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது. டீக்கடைக்காரர் மனைவி வேறு மாதிரிச் சொல்லி அனுப்பினால் நம்பாதே. அவள் கண்ணில் பட்டது சாப்பாடு இல்லை, வெறும் பலகாரம்.

எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. கிளம்பும்போது உன்னைப் பிடித்துக்கொண்டு ஓடினது யார்? சகலையா? எவ்வளவு தூரம் ஓடினான்? எப்போது விட்டான்? நீ கட்டியிருக்கிற துணியோடு அந்த உருளைகளுக்கு நடுவே உட்காரமுடியாதே, அவனுடைய பேன்ட்டையா போட்டுக்கொண்டாய்? இருக்கையை உனக்கு ஏற்ற மாதிரி தள்ளிப் போட்டான் என்றால் அளவு எடுத்தானா? டேப் வைத்தா?

பொறாமை என்று நினைக்காதே. எனக்கும் பொறாமைக்கும் பழக்கமே கிடையாது. ஆறாம் வகுப்பில் வாத்தியார் என்னைப் பார்த்து, "இவனுக்குப் பொறாமைன்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லி அழுதிருக்கிறார். அதோடு அவரும் வேலையை விட்டார், நானும் படிப்பை விட்டேன். இது விஞ்ஞானம். ஒருவர் எடைக்குச் செய்த வண்டியில் இன்னொருவர் உட்கார்ந்தால் நடுப்புள்ளி கலங்கிவிடும். கலங்கின நடுப்புள்ளி சும்மா இருக்காது.

அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். இனிமேல் அதில் ஏறாதே. மீறி ஏறினாய் என்று தெரிந்தால் இங்கே நம் வண்டியை உடைத்து, அந்த இரும்பில் கேட் செய்துவிடுவேன். அப்புறம் வருத்தப்படாதே.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 1

மாமாவுக்கு,

உடையுங்கள். கேட் செய்யுங்கள். ஊருக்கெல்லாம் கேட் செய்கிறவர் வீட்டில் கேட் இல்லை, மாடு உள்ளே வந்து துணியை மெல்லுகிறது.

உங்கள் கேள்விகளைத் தங்கைக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்து மாவுக்கட்டுக்குள் அரிப்பு எடுத்துவிட்டது. பேன்ட் அவள் தைத்துக்கொடுத்தது. அளவு எடுத்ததும் அவள்தான். பிடித்துக்கொண்டு ஓடினது தம்பி. வேறு யார் ஓடுவார்கள், ஒற்றைக் காலோடு அவளா?

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். இந்த ஊர் ஆற்றுக்குப் புதிதாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பஸ், லாரி விடுவதற்கு முன்னால் ஆகஸ்ட் மூன்றாம் தேதி அதன் மேல் வினோத வண்டிகள் எல்லாம் ஓடிக் காட்டப்போகின்றன. கட்டைக்கால் சைக்கிள், பாய்மரம் கட்டின தள்ளுவண்டி என்று என்னென்னவோ. தம்பிக்கு உயரமான இடத்தில் தலை சுற்றும். அதனால் சக்கரத்தை நான் ஓட்டப்போகிறேன். பெயர் கொடுத்தாயிற்று.

வரச் சொல்லி எழுதவில்லை. வரவேண்டாம் என்றும் எழுதவில்லை.

எப்போது வீட்டுக்கு வருவாய் என்று முதல் கடிதத்தின் கடைசியில் கேட்டீர்கள். நானும் யோசிக்கிறேன். பிடிக்க ஆள் இல்லை என்பதற்காகக் கூப்பிட்டால் வரமாட்டேன். எனக்கும் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்றால் சொல்லுங்கள்.

நான்தான்


ஜூலை 4

வீட்டம்மாவுக்கு,

யோசித்துவிட்டேன். நான் யோசிப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

நீ ஓட்டு. நான் தடுக்கவில்லை. தடுத்தேன் என்று எங்காவது எழுதியிருந்தால் அது பேனா செய்த வேலை. ஆனால் அவன் சக்கரத்தில் ஓட்டாதே. நீ பாலத்தில் போகும்போது கூட்டத்தில் ஒருவன், "யாரு செஞ்ச வண்டி?" என்று கேட்பான். பக்கத்தில் இருக்கிறவன், "லேத்துக்காரர் செஞ்சது" என்பான். அதற்கு அப்புறம் நான் எதற்கு இருக்கவேண்டும்? "கிரில்காரர் செஞ்சது, ஓட்டறது அவரு சம்சாரம்" என்று சொல்லவேண்டும். அந்தப் பேச்சு என் காதில் விழவேண்டும்.

நம் வண்டியை உனக்கு ஏற்ற மாதிரி மாற்றி அனுப்புகிறேன். எனக்கு வேண்டியது அளவு. இடுப்பிலிருந்து குதிகால் வரை எவ்வளவு, உட்கார்ந்த இடத்திலிருந்து கைப்பிடி எட்டுகிற தூரம் எவ்வளவு, இரண்டும் எழுது. டேப் வேண்டாம். அந்த வீட்டு டேப்பே வேண்டாம். அது தொட்ட அளவு என் வண்டிக்கு ஆகாது. நீயே உன் கையால் சாண் போட்டு எழுது. எனக்குச் சாண் போதும், மீதியை என் கண் பார்த்துக்கொள்ளும்.

சகலையிடம் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை. சொல்லேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 8

மாமாவுக்கு,

இடுப்பிலிருந்து குதிகால் ஐந்து சாண். கைப்பிடிக்கு மூன்று சாண், கொஞ்சம் குறைச்சல்.

தம்பியிடம் சொன்னேன். "அண்ணன் வண்டி வருதா? அப்ப என்னுது எதுக்கு, அண்ணி, ஓரமா நிக்கட்டும்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி முகம் ஒன்றும் வாடவில்லை.

நம் வீட்டில் மழையா? இங்கே நல்ல மழை.

நான்தான்


ஜூலை 19

வீட்டம்மாவுக்கு,

வண்டி லாரியில் ஏறிவிட்டது. இந்தக் கடிதமும் அதுவும் பந்தயம் போட்டுக்கொண்டு வருகின்றன.

இப்படி ஒரு வேலை உலகத்தில் நடந்ததில்லை. பழைய உள் வளையத்தை முழுக்க அறுத்துப் போட்டேன். வெல்டிங் வெளிச்சம் பட்டு எதிர்வீட்டுக் கோழிகள் விடிந்துவிட்டது என்று கூவின. வேலை நடக்கும்போது பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டு, "ஐயா, எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டார். "நான் படிச்ச எடத்துல இப்பத்தான் காலேஜ் கட்டறாங்க" என்றேன். மனிதர் என் காலைத் தொடாத குறை.

ஒன்று சொல்லவேண்டும். உன் அளவைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். உனக்கு என்னைவிடக் கால் நீளம்! கைகூட நீளம்! இத்தனை வருஷமாக என் பக்கத்தில் ஒரு நெட்டைச்சி நடந்து வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் போயிற்று. குனிந்தே நடந்திருக்கிறாய். இனிமேல் நிமிர்ந்து நட.

பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். இருக்கைக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன். கூரையும் மாற்றியாயிற்று, அடுப்பங்கரையில் இப்போது சொட்டுக்கூட இல்லை. பழைய தார்ப்பாயைத்தான் மேலே போட்டேன். அதனால் வண்டி மூடாமல் வருகிறது.

நான் வர முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கேட் வேலை. நான் வந்தால் கூட்டம் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்க்கும், அது உனக்கு நல்லதில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 24

மாமாவுக்கு,

வண்டி வந்தது. பச்சை அழகு. உட்கார்ந்தேன். காலை எவ்வளவு நீட்டினாலும் மிதிகட்டை எட்டவில்லை. கைப்பிடியைப் பிடிக்கக் குப்புறப் படுக்கவேண்டியிருக்கிறது. தங்கை ஓரமாக நின்று, "அக்கா, தொட்டிலுக்குள்ள போட்ட கொழந்தை மாதிரி இருக்கே" என்றாள்.

ஐந்து சாண் என்று நான் எழுதியது என் சாண், மாமா. நீங்கள் உங்கள் சாண் வைத்து அறுத்திருக்கிறீர்கள். அந்தக் கை எவ்வளவு பெரியது, என் கை எவ்வளவு சின்னது! நெட்டைச்சியாம். நான் உங்கள் தோளுக்குக் கீழே நிற்கிறவள். இத்தனை வருஷம் என் கையைப் பிடித்திருக்கிறீர்களே, அது உங்கள் கையில் எதுவரை வரும் என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

கோபத்தில் கடிதத்தை இத்தோடு முடித்து அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் தம்பி வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு, "அண்ணி, அண்ணன் அவரு சீட்டையே அறுத்துட்டாரே. பழசு ஒண்ணும் மிச்சம் வைக்கலையே. இனிமே அவரு எதுல உக்காருவாரு?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் பட்டறைக்கு வெளியே போய் நின்றேன்.

தம்பி டேப்பையும் இரும்பு வெட்டுகிற கேஸ் டார்ச்சையும் எடுத்து வந்தார், கொஞ்ச நேர வேலைதான் என்றார். "கீழ வைங்க தம்பி. அவரு வண்டிய அவருதான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நீங்கள் வரவேண்டும். உங்கள் கையால் சரிசெய்தால் உங்கள் வண்டியில் போகிறேன். வராவிட்டால் தம்பி சக்கரத்தில்தான் போவேன், பெயர் கொடுத்துவிட்டேன், பின்வாங்கமாட்டேன். பள்ளிக்கூடத்துக் கேட் காத்திருக்கட்டும்.

நான்தான்


ஆகஸ்ட் 6

வீட்டம்மாவுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். ஓட்டம் முடிந்ததும் சொல்லாமல் பஸ் ஏறினதற்குக் காரணம் பள்ளிக்கூடத்துக் கேட். தலைமை ஆசிரியர் கேட் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறார் என்று எனக்கு மனசு சொன்னது. வந்து பார்த்தால் உண்மையாகவே கண் சிவந்திருந்தது.

இங்கே எல்லோருக்கும் முழுக் கதையும் சொல்லியாயிற்று. சகலை பட்டறையில் நான் கால் வைத்ததும் லேத் எல்லாம் தானாக நின்றதைச் சொன்னேன். உன் கையை வாங்கி என் கை மேல் வைத்து, விரலுக்கு விரல் பார்த்து, குறைத்து அறுத்ததைச் சொன்னேன். சகலை டேப்பை நீட்டினதையும் நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்ததையும் சொன்னேன். அவன் டார்ச்சை வாங்கித்தான் வெட்டினேன் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவு விவரம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பாலத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டு ஓடினது நான். அதற்குச் சகலை வந்து நின்றான் பார், "அண்ணே, நான் பிடிக்கட்டா?" என்று. "எம் பொண்டாட்டிய நான் பிடிப்பேன், நீ உன் டேப்பைப் பிடி" என்றேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அப்படித்தான் பார்த்தேன்.

அப்புறம் நீ போன போக்கு! நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடு. ஓர் ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. மேடையில் இருந்த பெரிய அதிகாரி நாற்காலியோடு எழுந்து நின்றார். பாதிப் பாலத்தில் நீ ஒரு கையை எடுத்து என் பக்கம் ஆட்டினாய், அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பாய்மர வண்டிக்காரர், "யாரைப் பாத்து ஆட்டறாங்க?" என்று கேட்டார். "என்னைத்தான்" என்றேன். அந்த முனையில் போய் நின்றாயே, கொடியில் புறா உட்காருகிற மாதிரி, அதுதான் நிற்பது.

டீக்கடையில் இதை ஐந்து தடவை சொல்லச் சொன்னார்கள். லைன்மேன் வேலைக்குப் போகாமல் கேட்டார். ஆனால் ஊர் கெட்டுவிட்டது. நேற்றுவரை நான் சக்கர மாமா. இன்றைக்கு ஒருவன், "சக்கரம் ஓட்டற அம்மா வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். எனக்கு எப்படி இருக்கும்?

உன் தங்கைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள் அல்லவா? அவள் நடக்கப் பழகும் வரை இருந்துவிட்டு வா.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 10

மாமாவுக்கு,

நான் கை ஆட்டவில்லை.

நீங்கள் எழுதினதை இரண்டு தடவை படித்தேன். பாலத்தின் நடுவில் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போட்டு இணைத்திருக்கிறார்கள். சக்கரம் அதில் ஏறினதும் தூக்கிப்போட்டது. என்னை அறியாமல் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். பிடிக்கக்கூடாது என்று உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாக எழுதினேனே, அதே தப்பு. அப்படியே வளையத்தோடு மேலே போய், தலைகீழாகச் சுற்றி, கீழே வந்தேன். ஆறு தலைக்கு மேலே தெரிந்தது, வானம் காலுக்குக் கீழே. கூட்டம் முழுக்க வீறிட்டது. ஒரு செருப்பு கழன்று ஆற்றில் விழுந்தது. எஞ்சின் நிற்கவில்லை. சுற்றி வந்ததும் ஏதோ ஒரு தைரியம், பிரேக்கை விட்டுவிட்டு முறுக்கினேன், மீதிப் பாலத்தை ஒற்றைச் செருப்போடு போனேன். அதற்குத்தான் அத்தனை கைதட்டல். இந்த ஊரில் இன்னும் அந்தச் செருப்பைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் கடிதத்தில் அது இல்லை.

தம்பி பாலத்தின் மேல் தலை சுற்றுகிறவர், அவர்கூட நான் கவிழ்ந்ததைப் பார்த்து நடுப்பாலம் வரை ஓடிவந்துவிட்டார். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், இரண்டு பேர் தூக்கிப்போனார்கள்.

அந்த முனையில் இறங்கினதும் உங்களைத் தேடினேன். கிளம்பின இடத்துக்கு நடந்தே திரும்பி வந்து தேடினேன். கால் சுட்டது. பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

லைன்மேனுக்கும் டீக்கடைக்கும் சொன்னதை எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

நான்தான்


ஆகஸ்ட் 13

வீட்டம்மாவுக்கு,

பார்க்கவில்லை.

பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். எங்கே விடவேண்டும் என்பது இத்தனை வருஷம் உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு அன்றைக்குத்தான் விட வேண்டியிருந்தது. நீ, "விடுங்க மாமா, விடுங்க" என்று கத்தினாய். விட்டேன். விட்டதும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். திறக்க வரவில்லை. சத்தம் தூரமாகப் போனது. அப்புறம் எல்லோரும் வீறிட்டார்கள். அப்போதும் திறக்கவில்லை, இன்னும் இறுக்கி மூடினேன். உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்புறம் கைதட்டினார்கள். கைதட்டுகிறார்கள் என்றால் இருக்கிறாய் என்று தெரிந்தது. எழுந்தால் எல்லோரும், "பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பார்த்திருக்கிறான். எனக்கே கையை ஆட்டிச் சொல்ல வந்தான். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன், அதனால் செருப்பு விவரம் எனக்குத் தெரியாமல் போயிற்று. சகலை பார்த்திருக்கிறான். பாலத்து ஓரத்தில் நின்று உன் தங்கை பார்த்திருப்பாள். ஐஸ் விற்கிறவன், கொடி கட்ட வந்தவன், யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஒருவனையும் எனக்குப் பிடிக்கவில்லை. சகலைக்கு அந்த ஊரில் பட்டறை இருக்கட்டும், பேர் இருக்கட்டும், லேத் சத்தமில்லாமல் ஓடட்டும். நீ தலைகீழாகப் போய்த் திரும்பி வந்தது அவன் கண்ணில் இருக்கிறது, என் கண்ணில் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ வீட்டுக்கு வரும் நாள் வரைக்கும் காத்திருக்கமாட்டேன். உடனே எழுதி அனுப்பு. நான் கையை விட்டதிலிருந்து ஆரம்பி. செருப்பு எந்தக் காலுடையது, வானம் எப்படி இருந்தது, எதையும் விடாதே. உள்ளதை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். எனக்குப் போதாது. கொஞ்சம் கூட்டியே எழுது.

உன் வீட்டுக்காரன்